நிமிடத்துக்கு நான்கு சொட்டு

ஆறு வருடங்களாக நான் ஒரு படகு கட்டினேன் என்று சொன்னால், பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லா ஷப்பெலில் எவரும் அதன் நீளத்தைக் கேட்பதில்லை. "ஏன்?" என்றுதான் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்கள். இவர் களவாகக் கடல் கடந்து லண்டனுக்குப் போகப் பார்க்கிறார் என்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முடிவுகட்டியிருந்தார்கள். எனக்கு அகதிப் பேப்பர் கிடைத்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது, ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு லண்டனில் இறங்கலாம். இதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தமிழன் படகு கட்டுவதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

உண்மையான காரணம் அதைவிடக் கேவலமானது. நாங்கள் பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் இருக்கிறோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கால்வாய் வரும். அந்தக் கால்வாய் நேரே லா வில்லெத் வரை போகிறது. அங்கே இறங்கினால் லா ஷப்பெல் நடக்கிற தூரம். ஒவ்வொரு ஞாயிறும் ரயிலில் நெரிபட்டு மரக்கறி வாங்கப் போகிற நானும் மனைவியும் ஒரு ஞாயிறாவது தண்ணீர் வழியே ஆறுதலாகப் போய் வரவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான். ஐந்து மீற்றர் படகு, முருங்கைக்காய் வாங்குவதற்கு.

கட்டத் தொடங்கியபோது மனைவி ஒரேயொரு நிபந்தனை விதித்தாள்.

"கட்டுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா உள்ளுக்கை ஒரு சொட்டுத் தண்ணி வந்தாலும் நான் கால் வைக்கமாட்டன்."

பதினேழு வயதில், யுத்த நேரம், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அவள் கிளாலிக் கடலைப் படகில் கடந்தவள். அந்தப் படகுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. அதற்கு மேல் அவள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. கனடாவிலிருந்து உறவினர்கள் வந்து செய்ன் நதியில் படகுச் சவாரி போனால், அவள் எல்லோருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு பாலத்தின் மேலே நிற்பாள். அவளுக்குத் தண்ணீர் பயம் என்று நான் முடிவுசெய்து வைத்திருந்தேன். அவள் ஏறாவிட்டால் அந்தப் படகு எனக்கு எதற்கு? ஆறு வருடமும் இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதுதான் பெரிய மடைத்தனம்.

படகின் உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு கராஜுக்குள் பலகையை வளைத்து, பசை பூசி, தேய்த்து, மறுபடி பூசி, குளிர்காலத்தில் பசை காயாமல் அதற்குப் போர்வை போர்த்தி, என் பிள்ளைகளுக்குச் செய்யாத சேவையெல்லாம் அதற்குச் செய்தேன். ஒரு நாள் உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. அதன்பிறகுதான் படகு கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற அந்த அபத்தமான வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை மறித்துவிட்டு, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நாமே ஒரு துளை போட வேண்டும். இயந்திரம் படகுக்குள் இருக்கிறது, புரொப்பெல்லர் வெளியே தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். ஷாஃப்ட் சுற்றவும் வேண்டும், தண்ணீர் உள்ளே வரவும் கூடாது. அதற்குத்தான் அந்த இடத்தில் ஒரு சீல் போடுகிறார்கள்.

நான் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளை இழுத்துச் செல்லும் பெல்ட்டுகளைத் திருத்துகிறவன். சீல் மாற்றுவது எனக்குப் பல் விளக்குகிற மாதிரி. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒருவரும் புத்தி சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே லா ஷப்பெலில் ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் புத்தி கேட்கப் போனேன்.

அங்கே மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை, இளவயதில் வடகரையில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைத் திருத்தியவர். நானோ கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன். கடலைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் முதலில் பார்த்தேன். கடையின் பின்பக்கத்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று தேநீர் குடிக்க ஓர் இடம் உண்டு. அங்கே வைத்துக் கேட்டேன்.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு? கயிறு சுத்துற சாமானைப் போடும்," என்றார் அண்ணை.

பிரெஞ்சுக்காரர்கள் அதை ப்ரெஸ்-எத்தூப் என்கிறார்கள். ஷாஃப்டைச் சுற்றிக் கொழுப்பு ஊறிய பின்னல் கயிற்றை வைத்து, மேலே ஒரு பெரிய நட்டைப் பூட்டி இறுக்குவது. நூறு வருடத்துக்கு முந்திய வேலை. ஒரு ஸ்பானர் போதும்.

"ஒழுகுமோ அண்ணை?"

"ஓடேக்கை ஒழுகத்தான் வேணும். நிமிசத்துக்கு மூண்டு நாலு சொட்டு. அந்தத் தண்ணிதான் அதைக் குளிராக்கி வச்சிருக்கிறது. சொட்டு நிண்டா கயிறு காய்ஞ்சு கருகிப்போம். ஒழுகாட்டித்தான் பயப்பிடவேணும், விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. இதை வீட்டில் எப்படி விளங்கப்படுத்துவது என்பதுதான் விளங்கவில்லை.

பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் சென்னையிலிருந்து வந்த பொறியாளர். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. சனிக்கிழமைகளில் கறிவேப்பிலை வாங்க வருவார். படகு என்ற சொல் காதில் விழுந்ததும் தேநீரை மூட்டையின் மேல் வைத்துவிட்டார்.

"என்ன சார், இந்தக் காலத்துல போய்க் கயிறு சுத்துறீங்க? மெக்கானிக்கல் சீல் போட்டுடுங்க. ரெண்டு வளையம், பின்னாடி துருத்தி மாதிரி ஒரு ரப்பர் பெல்லோஸ், அதுவே தள்ளிப் பிடிச்சுக்கும். ஒரு டிராப் வராது."

"உந்த ரப்பர் கிழிஞ்சா?" என்று அண்ணை கேட்டார்.

"அது கிழியாது சார்."

"கிழிஞ்சா எண்டு கேக்கிறன்."

"கிழிஞ்சா… தண்ணி உள்ள வரும் சார்."

"எவ்வளவு?"

பொறியாளர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாமே," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஓர் அட்டவணையோடு வந்தார். குறுக்கே மூன்று வகைச் சீல்கள், நெடுக்கே ஆயுள், பராமரிப்பு, பூட்டும் சிரமம் என்று பதினொரு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று முக்கியத்துவம் போட வேண்டுமாம்.

"ஆன்ட்டியோட கண்டிஷனுக்கு எவ்ளோ வெயிட்டேஜ் போடட்டும் சார்?"

"ஆகக்கூடினது எவ்வளவு?"

"பத்து."

"அப்ப பத்து."

"அப்படின்னா மத்த பத்து வரிசையும் வேஸ்ட் சார்," என்று சொல்லி, மெக்கானிக்கல் சீல் இருந்த கட்டத்துக்கு மஞ்சள் நிறம் அடித்தார். அதன் கீழே 'ஒழுகாது' என்று தமிழிலேயே எழுதினார்.

மூன்றாவது வகை, உள்ளே ரப்பர் உதடுகள் உள்ள ஒரு குழாய். கிறீஸ் அடைத்துவிட்டால் அதுவும் ஒழுகாது. எங்கள் பெல்ட்டுகளில் இருப்பதும் ஏறத்தாழ அதுதான், ஆகவே என் மனம் அதில்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஷாஃப்ட் நேராக இருக்க வேண்டும்.

"உங்க அலைன்மென்ட் கரெக்டா இருக்குல்ல சார்?" என்றார் பொறியாளர்.

"ஓரளவுக்கு."

"ஓரளவுன்னா?"

நான் தேநீரைக் குடித்தேன். இயந்திரத்துக்கான மேடையை நான் இரண்டு தரம் ஒட்டியவன். முதல் தரம் கோணல். இரண்டாம் தரம் கோணலைத் திருத்தும் கோணல். அதற்கு மேல், பழைய சாமான்காரனிடம் வாங்கிய ஷாஃப்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு தேய்மானமும் இருந்தது. ரப்பர் உதடு ஒரு பருவம்கூடத் தாங்காது. பெல்லோஸ் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்காவிட்டால் கால்வாய் முழுவதும் உள்ளே வந்துவிடும். என்னுடைய கோணலை மன்னித்து, சொட்டுச் சொட்டாக மட்டும் தண்டிக்கக்கூடியது கயிறுதான். ஆக, மூன்றில் எது சிறந்தது என்று பார்த்து நான் தெரிவு செய்யவில்லை. என் வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்தேன். சீல் வாங்கப் போகிறவர்கள் இதை வெளியே சொல்வதில்லை.

ப்ரெஸ்-எத்தூப்பை வாங்கிப் பூட்டினேன். பூட்டிய அன்று வீட்டுக்கு வந்தபோது பொறியாளரின் அட்டவணை குசினி மேசையில் விரிந்து கிடந்தது. என் சட்டைப் பையிலிருந்து மனைவி எடுத்திருக்கிறாள். மஞ்சள் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதைத்தானே பூட்டினனீங்கள்?"

நான் செய்ததெல்லாம் "ஓம்" என்றதுதான். ஒரேயொரு சொல். பசி வேறு.

அந்த ஒரு சொல்லை ஒரு வருடம் காப்பாற்ற வேண்டியிருந்தது. பொய் சொல்வதைவிட அதற்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பது கஷ்டம். அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லோரிடமும் எங்கள் படகு ஒழுகாத படகு என்று சொல்லிவிட்டாள். தங்கையிடம் தொலைபேசியில், "புது மாதிரிச் சாமானாம், ஒரு சொட்டும் வராதாம்," என்று சொன்னது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. வெயிலுக்கு ஒரு தொப்பியும் வாங்கினாள். தொப்பியைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அன்றே சொல்லியிருக்கலாம். "வடிவா இருக்கு," என்றேன்.

படகை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். குறித்தவர் அண்ணை. பஞ்சாங்கம் பார்த்து, பத்தரை மணிக்குள் பூசை முடிய வேண்டும் என்றார். அவர் மரக்கறி ஏற்றும் வானின் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனோம். புதுக் கார் வாங்கினால் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பது எங்கள் வழக்கம். படகுக்குச் சில்லு இல்லை. அண்ணை சற்றே குழம்பிவிட்டு, படகைச் சுமந்து வந்த இழுவை வண்டியின் சில்லுகளுக்கு வைத்தார். ஆகவே அன்று முதலில் கண்ணூறு கழிந்தது வாடகைக்கு எடுத்த ஓர் இழுவை வண்டிக்கு.

படகு தண்ணீரில் இறங்கி மிதந்தது. கோணாமல் மிதந்தது. அண்ணை வானை நிறுத்தப் போன நேரம் நான் உள்ளே ஏறி, கரையில் கட்டியபடியே இயந்திரத்தை ஓட்டி, ஷாஃப்டைச் சுற்றவிட்டு, இயந்திரப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். சொல்லி வைத்ததுபோல் ப்ரெஸ்-எத்தூப் சொட்டியது. நிமிடத்துக்கு நான்கு. அண்ணை சொன்ன கணக்கு, சரியான வேலை. தூரத்தில் மனைவி பூசைத் தட்டோடும் தொப்பியோடும் நடந்து வருவது தெரிந்தது.

ஸ்பானரை எடுத்து நட்டை அரைச் சுற்று இறுக்கினேன். இரண்டு சொட்டு. இன்னும் அரைச் சுற்று. ஒன்று. இன்னும் கொஞ்சம். சொட்டு நின்றது. நான் இயந்திரத்தை நிறுத்தி, பெட்டியை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கரையேறிக் கையைத் துடைத்தேன்.

"உள்ளுக்கை காய்ஞ்சிருக்கோ?" என்று மனைவி கேட்டாள்.

"கை வச்சுப் பாரும்."

அவள் கரையிலிருந்தபடியே குனிந்து அடிப்பலகையைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் களவாக வாங்கினேன், அது எனக்கு அப்போதே தெரியும்.

அண்ணை வந்து பூசையைத் தொடங்கினார். படகின் மூக்கில் மூன்று விபூதிக் குறி, நடுவில் சந்தனம். வாகனப் பூசையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். "அது உயிரோட இருக்கேக்கை செய்யிறதுதான் பூசை. புரொப்பெல்லரும் சுத்தட்டும்." ஏறி இயந்திரத்தை ஓட்டி, கியரைப் போட்டுவிட்டு இறங்கினேன். படகு கரையில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. காற்றுக்குச் சாம்பிராணி அணைந்துவிடும் என்று தட்டைக் கரையில் வைக்காமல், படகுக்குள் இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். சைக்கிளில் போன பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தேங்காய் முதல் அடியில் உடைந்தது. நல்ல சகுனம் என்றார் அண்ணை. கற்பூரம், தேவாரம், மறுபடி கற்பூரம். படகிலிருந்து புகை அடர்த்தியாக எழுந்து கால்வாய் மேல் பரவியது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகையைக் கையால் அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி. "சாம்பிராணி எப்பவோ அணைஞ்சிட்டுது. பிறகென்ன புகை?"

தட்டைப் பார்த்தேன். சாம்பல்தான் இருந்தது. நாங்கள் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டது கருகும் கொழுப்புக் கயிற்றின் புகை.

உள்ளே பாய்ந்து மூடியைத் திறந்தேன். நட்டில் விரல் வைக்க முடியவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, துணியைச் சுற்றிப் பிடித்து நட்டைத் தளர்த்தினேன். உஸ் என்று ஆவி கிளம்பியது. பிறகு சொட்டத் தொடங்கியது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக. மனைவி கரையில் குந்தி இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன சொட்டுது?"

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணை உதவிக்கு வந்தார். அந்த உதவியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அது ஒழுகத்தான் வேணும் பிள்ளை, பயப்பிடாதை. போன வருசமே இவருக்கு வடிவாச் சொன்னனான். என்ன விசருக்கு இறுக்கினவரோ தெரியாது."

"போன வருசமோ?" என்றாள் மனைவி.

அண்ணைக்குக் கடை திறக்கும் நேரம் திடீரென்று நினைவுக்கு வந்தது. உடைந்த தேங்காயில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நீர் பயப்பிடுவீர் எண்டுதான் சொல்லேல்லை," என்றேன். என் காதுக்கே அது நல்லாயில்லை.

"நான் தண்ணிக்குப் பயம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்டைக்குக் கிளாலியிலை படகோட்டி எங்களை ஏத்தேக்கை, படகு புதுசு, ஒரு சொட்டும் வராது எண்டுதான் ஏத்தினவன். அம்மா கேட்டவ, நானும் கேட்டனான், வராது வராது எண்டவன். நடுக்கடலிலை கால் நனையேக்கைதான் தெரியும். வரும் எண்டு முதலே சொல்லியிருந்தா ஆளுக்கொரு வாளி கொண்டு வந்திருப்பம்."

இருபத்தாறு வருடம் அவளோடு வாழ்கிறேன். இது எனக்குத் தெரியாது. கேட்கவில்லை, அதனால் தெரியாது.

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "நீங்கள் ஓட்டுங்கோ. நான் கரையால நடந்து வாறன். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எத்தினை சொட்டு எண்டு சொல்லவேணும்."

அப்படித்தான் நாங்கள் லா ஷப்பெலுக்குப் புறப்பட்டோம். நான் தண்ணீரில், அவள் கரையில். என் படகின் வேகமும் அவள் நடையும் ஒன்றாகவே இருந்தன. உண்மையில் அவள் இரண்டு தரம் நின்று காத்திருக்க வேண்டி வந்தது. சுக்கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, திறந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன்.

"எத்தினை?"

"நாலு."

பாலம் ஒன்று கடந்தது. ஓடுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"எத்தினை?"

"நாலு."

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இப்படியே நான்கு நான்கு என்று போனால், மூன்றாவது பாலத்தடியில் ஏறுகிறீரா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை எண்ணியபோது ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழுதான். கருகிய கயிறு தேயத் தொடங்கியிருக்க வேண்டும். அடிப்பலகையின் இடுக்கில் தண்ணீர் மினுங்கியது. கரையிலிருந்து அவளுக்கு இது எதுவும் தெரியாது. நான்கு என்று சொல்வது மிகச் சுலபம். வாய் தானாகவே அந்தச் சொல்லுக்குத் தயாரானது, ஒரு வருடப் பழக்கம் அல்லவா.

"எத்தினை?"

"ஏழு," என்றேன். "கூடிப்போச்சு. உள்ளுக்கை கொஞ்சம் நிக்குது."

அவள் நின்றாள்.

"கிட்டக் கொண்டு வாங்கோ."

நிறுத்தித் திரும்பச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, இயந்திரத்தைத் தணித்துக் கரையோடு ஒட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மற்றக் கையை என்னிடம் நீட்டினாள்.

"ஏழு எண்டனான்," என்றேன்.

"கேட்டது. பிடியுங்கோ."

அவள் கால் வைத்ததும் படகு ஒரு பக்கம் சரிந்து, இடுக்கில் நின்ற தண்ணீர் அவளுடைய பாதத்துக்கு ஓடி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, "எதாலை அள்ளுறது?" என்று கேட்டாள்.

அள்ள நான் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொன்னேன்.